ஃபினோவா, ஒலொரோசோவா: முதல் ஷெர்ரி எது?

ஷெர்ரி என்பது கூடுதல் ஆல்கஹால் சேர்த்த ஸ்பானிய ஒயின்; ஃபினோவும் ஒலொரோசோவும் அதன் இரு வகைகள். ஸ்பெயினின் ஹெரெஸ் நகரில் 1835-இல் தொடங்கிய கொன்சாலெஸ் பியாஸ் ஒயின் ஆலையில் இரண்டும் உண்டு: தியோ பெப்பே என்ற ஃபினோ, அல்ஃபோன்சோ என்ற ஒலொரோசோ. இரண்டுக்கும் ஒரே பலோமினோ திராட்சைதான். முதன்முதலில் எதை வாங்குவது என்று குழம்புபவர்களுக்காக இந்த ஒப்பீடு.

முதிரும் விதம்: இங்கேதான் பாதை பிரிகிறது. ஃபினோவில் ஆல்கஹாலை 15% அளவுக்கு உயர்த்துவார்கள். பீப்பாயை முழுக்க நிரப்பாமல் மேலே இடம் விடுவதால், ஒயினின் மேல் ஃப்ளோர் எனும் ஈஸ்ட் ஆடை படர்ந்து காற்றைத் தடுக்கும். கிளிசரினையும் அது தின்றுவிடுவதால் ஒயின் மெலிந்து, கூர்மையாகிறது. ஒலொரோசோவில் 17 சதவீதமோ அதற்கு மேலோ. அந்த அளவில் ஃப்ளோர் வாழாது. காற்று பட்டுப் பட்டு நிறம் கருத்து, கனம் கூடும்.

இரண்டுமே சொலேரா முறையில் முதிர்பவை. அடி வரிசைப் பீப்பாயில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, மேல் வரிசையின் இளைய ஒயினால் நிரப்புவார்கள். எவ்வளவு பொறுமையான வேலை!

சுவை: ஃபினோ, பச்சை பாதாம், புளித்த மாவு வாசம். ஒலொரோசோ, வால்நட், உலர்பழ வாசம். மணம் இனித்தாலும் இனிப்பில்லாத ஒயின்தான்.

திறந்த பின்: ஃபினோவை ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒலொரோசோ சில வாரங்கள் தாங்கும்.

பொரித்த மீன், ஆலிவ் என்றால் நன்கு குளிர்ந்த ஃபினோ. இறைச்சிக் குழம்புக்கும், மெதுவாகக் கொஞ்சம் கொஞ்சமாய்க் குடிப்பவருக்கும் ஒலொரோசோ. இரண்டில் ஒன்றுதான் என்றால், அந்த ஈஸ்ட் வாசத்துக்காகவே நான் ஃபினோவை எடுப்பேன்.