ஜன்னலா, சாளரமா?

எழுத உட்கார்ந்தால் பலருக்கும் வரும் குழப்பம் இது. 'ஜன்னல் தமிழா?' என்று யாராவது கேட்டுவிட்டால் பேனா நின்றுவிடும்.

பிறப்பு
ஜன்னல்: போர்த்துக்கீசிய 'ஜனேலா'. லத்தீன் வேரில் அதற்குச் 'சின்னக் கதவு' என்று பொருள்.
சாளரம்: வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோடு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே உண்டு. சிலப்பதிகாரத்தில் தென்றல் நுழைவது 'கோலச் சாளரக் குறுங்கண்' வழியாகத்தான். குறுங்கண் என்றால் அந்தச் சாளரத்தின் சிறு துளைகள்; கம்பி போட்ட நம் ஜன்னலை அங்கே பொருத்திப் பார்க்காதீர்கள்.

சொந்தபந்தம்
ஜன்னல்: ஊரெல்லாம் உறவு. மலையாளத்தில் ஜனல், சிங்களத்தில் ஜனேலய, வங்காளத்தில் ஜானாலா, மலாயில் ஜெண்டேலா. யாழ்ப்பாணத்தில் யன்னல்.
சாளரம்: இவ்வளவு கூட்டம் இல்லை.

புழக்கம்
ஜன்னல்: பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்குத்தான் சண்டை.
சாளரம்: 'சாளரத்தைத் திற' என்றால் வீட்டில் நாடக ஒத்திகையா என்பார்கள். ஆனால் கணினித் திரையில் விரியும் பெட்டிக்கு அழகாக ஒட்டிக்கொண்டது.

கதை, உரையாடல், கொத்தனாரிடம் அளவு சொல்வது என்றால் கூசாமல் ஜன்னல். கவிதை, கலைச்சொல், கோயில் கட்டடக்கலை என்றால் சாளரம். இலங்கைப் பாத்திரம் பேசினால் மட்டும் மறக்காமல் யன்னல்.