அப்பாவின் வேகன் ஆரும் ஒரு பேட்டரி சார்ஜரும்: ஐந்து வருட அனுபவம்

2020 ஊரடங்கு தளர்ந்த சமயம் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். அம்பாசமுத்திரத்திலிருந்து காலை ஏழு மணிக்குள் திருநெல்வேலி போய்ச் சேர வேண்டும். ஐந்தரைக்குச் சாவியைத் திருகினால் ‘டிக்’ என்று ஒரே சத்தம். செல்ஃப் எடுக்கவில்லை. மீட்டர் விளக்குகளும் மங்கிப்போயின. அந்த நேரத்தில் தள்ளிவிடவும் தெருவில் ஆள் இல்லை. வாடகைக் கார் வந்து சேரும்வரை சாப்பிடாத வயிற்றோடு அப்பா திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த வாரமே சார்ஜர் வாங்கிவிட்டேன்.

பேட்டரியில் கோளாறு எதுவும் இல்லை. வண்டி சும்மா நின்றாலும் கடிகாரம், அலாரம், சென்ட்ரல் லாக் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் இழுக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு முக்கால் ஆம்பியர் ஹவர் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்கிற கணக்கு) போய்விடும். அப்பா காரில் இருப்பது 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி. 25 நாளில் பாதி காலி. கோயில் வரைக்கும் போய்வருகிற இரண்டு கிலோமீட்டரில், வண்டி ஓடும்போது பேட்டரியை ஏற்றுகிற ஆல்டர்னேட்டர் அதை ஈடுகட்டாது. பாதிச் சார்ஜில் வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் இறுகிப்போகும். அதன்பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய தெம்பு வராது.

முதலில் வாங்கியது தப்பான சார்ஜர். முள் ஆடுகிற மீட்டர் வைத்த, 10 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி. விலை குறைவு, கனம் அதிகம், நிறைந்ததும் தானே நிறுத்துகிற ஆட்டோ கட் கிடையாது. பேட்டரி கடையில் கூடவே ஆள் நின்று பார்ப்பதால் அவர்களுக்கு அது சரிப்படும். நான் இரவு மாட்டிவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் ஷெட் முழுக்க அழுகிய முட்டை நாற்றம். பேட்டரியைத் தொட்டால் சுட்டது, உள்ளே தளதளவென்று கொதிக்கிற சத்தம். சார்ஜ் நிறைந்த பிறகும் கரண்ட் ஏறிக்கொண்டே இருந்தால் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் கிளம்பும். ஒரு தீப்பொறி போதும், வெடித்துவிடும். ஆறு செல்லுக்கும் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி எப்படியோ காப்பாற்றினோம். அந்தப் பெட்டியை அன்றைக்கே ஓரங்கட்டினேன்.

இரண்டாவது வாங்கியது தானாகவே அளவு பார்த்து நிறுத்துகிற ஸ்மார்ட் சார்ஜர். 4 ஆம்பியர் ஒரு மோட், 0.8 ஆம்பியர் ஒரு மோட். பேட்டரியின் ஆம்பியர் ஹவரில் பத்தில் ஒரு பங்குதான் சார்ஜ் கரண்ட் என்பது பழைய கணக்கு. இன்றைக்கும் நான் அதைத்தான் நம்புகிறேன். காருக்கு 4, புல்லட்டின் 14 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு 0.8. முதலில் 14.4 வோல்ட் வரை ஏற்றும், அங்கேயே நிறுத்திக் கரண்டைக் குறைத்துக்கொண்டே வரும், நிறைந்ததும் 13.6-க்கு இறங்கிவிடும். பாதி காலியான கார் பேட்டரிக்கு ஒரு ராத்திரி வேண்டும். ஆனால் இதே சார்ஜரை 150 ஆம்பியர் ஹவர் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாட்டினால் ஒன்றரை நாள் ஆனாலும் நிறையாது.

இதிலும் ஒரு குறை உண்டு. வாங்குகிறவர்கள் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கரண்ட் போய் வந்தால் மோட் மறந்துவிடும். யாராவது பட்டனை அழுத்துகிறவரை சும்மா நிற்கும். நம் ஊர் நிலைமைக்கு இது சரிப்படாது. நான் சென்னையில் இருக்கிறேன். அப்பா போன் செய்து, “எலே, ராத்திரி பூரா மாட்டிருந்தேன், பச்ச லைட்டே வரலியே” என்றார். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னேன், 12.2 வோல்ட், அதாவது பாதிதான். நடுராத்திரி பத்து நிமிடம் கரண்ட் போயிருக்கிறது, அவ்வளவுதான். சென்னை வீட்டுக்கு அடுத்ததாக வாங்கும்போது, மெயின்ஸை அணைத்துப் போட்டாலும் விட்ட மோடிலேயே தொடர்கிறதா என்று கடையிலேயே பார்த்துத்தான் வாங்கினேன்.

ஷெட் சுவரில் அப்பா சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார்: 12.6 முழுசு, 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால். வண்டி ஓடி நின்று நாலைந்து மணி நேரம் கழித்து அளந்தால்தான் இந்தக் கணக்கு பொருந்தும். 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ். மாதம் ஒரு தடவைதான் தேவைப்படுகிறது.

புல்லட் இரண்டு வருடம் நின்றதில் அடியோடு இறங்கிவிட்டது. சார்ஜர் அந்த பேட்டரியை ஏற்கவே இல்லை, விளக்கு சிமிட்டியது. “அண்ணாச்சி, அதுக்குப் பேட்டரி இருக்கதே தெரியலை” என்று மெக்கானிக் தம்பி ஒரு நல்ல பேட்டரியைப் பக்கத்தில் சேர்த்து வோல்ட்டைத் தூக்கிக் கொடுத்தான். சார்ஜ் ஏறியது, ஆனால் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. தகடு போய்விட்டால் சார்ஜர் என்ன செய்யும்?

மாட்டும்போது சிவப்பு முதலில், பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு கிளிப்பை பேட்டரியை விட்டுத் தள்ளி, பெயின்ட் இல்லாத பாடி இரும்பில். மெயின்ஸ் சுவிட்ச் கடைசியில்தான். சிக்னலில் தானே அணைந்து தானே ஸ்டார்ட் ஆகும் புது வண்டிகளில் மைனஸ் டெர்மினலிலேயே சென்சார் இருக்கும். கிளிப்பை பாடியில் கொடுத்தால்தான் ஏறின சார்ஜ் அதன் கணக்கில் வரும். லித்தியம் பேட்டரி என்றால் அதற்கென்று தனி மோட் இருக்கிற சார்ஜர்தான். ஆசிட் பேட்டரி மோடில் தொடவே வேண்டாம்.

2019-இல் போட்ட பேட்டரியை 2024 மார்கழியில்தான் மாற்றினோம். சார்ஜர் இன்னும் நன்றாக இருக்கிறது, கிளிப் ஸ்பிரிங் மட்டும் தளர்ந்துவிட்டது. அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. குனிந்து கிளிப் மாட்டச் சிரமப்படுகிறார். தீபாவளிக்குப் போகும்போது, ஃபியூஸ் வைத்த வளைய ஒயரை டெர்மினலில் நிரந்தரமாக முடுக்கி, பிளக்கை முன் கிரில் பக்கமாக வெளியே எடுத்துவிட வேண்டும்.