340 ரூபாய் தராசும் என் 1,800 ரூபாய் 'லக்கி'யும்

இருபத்தெட்டு வருடம் கண்டக்டர் வேலை பார்த்தவன் நான். தோல் பைக்குள் கைவிட்டால் எது ஐந்து, எது இரண்டு என்று விரலே சொல்லிவிடும். அந்தத் திமிரில்தான் ஒரு நாணயக் கண்காட்சியில் 1,800 ரூபாய் கொடுத்து ஒரு ரூபாய் 'லக்கி' (அச்சடிக்கையில் தவறி, இரண்டு பக்கமும் ஒரே படம் விழுந்த காசு) ஒன்றை வாங்கி ஏமாந்தேன். அப்புறம் மகள் ஆன்லைனில் வாங்கித் தந்ததுதான் இந்தப் பாக்கெட் தராசு. விலை 340. 200 கிராம் வரை நிறுக்கும், 0.01 கிராம் வரை காட்டும். கூடவே ஒரு மடக்கு லென்ஸ் இலவசம். எட்டு மாதமாகப் புழங்குகிறேன்.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். சரிபார்க்க எடைக்கல் எதுவும் பெட்டியில் இல்லை. 2019 வரிசைக்கு முன் வந்த பித்தளை நிற ஐந்து ரூபாய் ஒன்று 6 கிராம். தேயாததாகப் பத்தை அடுக்கி வைத்தேன், 59.96 காட்டியது, போதும். ஃபேன் ஓடினால் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு நிமிடம் தொடாவிட்டால் தானாக அணைந்து எரிச்சலைக் கிளப்பும்.

ஆனால் வேலை செய்கிறது. மஞ்சளாக மின்னும் ஒரு ரூபாய் ஒன்றை நீட்டி, "ஐந்து ரூபாய் வில்லையில தவறி அடிச்சதுண்ணே, நாலாயிரம்" என்றார் ஒரு வியாபாரி. வில்லை என்றால் அச்சடிக்கும் முன் இருக்கும் வெற்று உலோகத் தட்டு. 2011இல் அறிமுகமான சின்ன ஒரு ரூபாய் எஃகு, எடை 3.79 கிராம். இவர் காசு 3.84. ஐந்து ரூபாய் வில்லை என்றால் 6 கிராமாவது இருக்க வேண்டாமா? பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை அருகில் கொண்டுபோனதும் பட்டென்று ஒட்டிக்கொண்டது. பித்தளை ஒட்டாது. எஃகு மேல் முலாம், அவ்வளவுதான்.

'கட்' காசுகளில், அதாவது ஓரம் வெட்டுப்பட்டு வந்த பிழைக் காசுகளில் மட்டும் தராசை நம்பிப் பயனில்லை. அசலானாலும் அரம் போட்டதானாலும் எடை குறையும். தகட்டில் ஏற்கெனவே வெட்டிய ஓட்டையை ஒட்டி அடுத்த வில்லையை வெட்டிவிட்டால் பிறை போல ஒரு ஓரம் போய்விடும். பிறகு விளிம்பை எழுப்ப வில்லையை உருட்டி அழுத்தும்போது, பள்ளமான பக்கத்துக்கு நேர் எதிரே அழுத்தம் விழாது. அதனால் அசலில் எதிர் விளிம்பு பெரும்பாலும் மங்கலாக இருக்கும். அறுத்ததில் அது கும்மென்று முழுசாக நிற்கும்.

அதைப் பார்க்கத்தான் லென்ஸ். மேலே '30 மடங்கு' என்று அச்சடித்திருக்கிறார்கள். சத்தியமாக இல்லை, பத்து இருந்தால் அதிகம். ஓரத்தில் எழுத்தெல்லாம் வளைகிறது. இருந்தாலும் என் லக்கியின் குட்டை உடைத்தது இந்த ஓட்டை லென்ஸ்தான்.

லக்கி என்றால் ப்ராக்கேஜ். அடித்த காசு வெளியே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த வில்லை அதன் மேல் அடிபடும். அதனால் ஒரு பக்கம் சிங்கம் ஒழுங்காகவும், மறுபக்கம் அதே சிங்கம் குழிவாக, இடவலம் மாறியும் பதியும். என் காசிலும் குழிந்த சிங்கம் இருந்தது. லென்ஸை வைத்துச் சாய்த்துப் பார்த்தால் அதன் அடியில் '1' என்ற எண்ணின் கால் நசுங்கித் தெரிகிறது! அசல் லக்கியின் அந்தப் பக்கம் எண் அச்சைத் தொட்டே இருக்காது, அப்புறம் எங்கிருந்து வந்தது '1'? திருப்பினேன். நல்ல பக்கத்துச் சிங்கத்துக்கு மூக்கு சப்பை. இரண்டு காசை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பட்டறை வைஸில் இறுக்கியிருக்கிறார்கள். தராசோ 3.79 என்று சாதுவாகக் காட்டியது. நசுக்கினால் எடை குறையுமா என்ன?

தராசுக்கு நாலு நட்சத்திரம். லென்ஸுக்கு இரண்டு, நகைப்பட்டறைக்காரர்கள் வாங்கும் கடையில் நல்ல 10 மடங்கு லென்ஸாகத் தனியே வாங்கிக்கொள்ளுங்கள்.

போன கண்காட்சியில் பையிலிருந்து தராசை எடுத்ததுமே ஒரு கடைக்காரர், "அண்ணே, அது வேண்டாம், இதைப் பாருங்க" என்று தட்டையே மாற்றினார். அதிலிருந்து ஒரு ஐந்து ரூபாய் 'கட்' எடுத்தேன். 5.62 கிராம், எதிர் விளிம்பு மங்கல். 250 கேட்டார், 200க்கு முடிந்தது.