வெளிநாட்டுப் படிப்பு முடிந்து தர்மபுரி திரும்புவோருக்கு: பெங்களூரா சென்னையா, பைபாஸா ராயக்கோட்டை வழியா?

படிப்பை முடித்துவிட்டுப் பெட்டி படுக்கையோடு மொத்தமாக ஊர் திரும்பும் தம்பதிகள் இப்போது தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிறைய. டிக்கெட் போடுவதற்கு முன்பே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும். பெங்களூரில் இறங்கலாமா, சென்னையிலா? அங்கிருந்து எந்த ரோடு? யார் வண்டி? நானும் என் கணவரும் ஜெர்மனியிலிருந்து வந்தபோது இதையெல்லாம் உட்கார்ந்து அலசினோம். அப்புறம் சொந்தக்காரர்களை அழைத்துவரவும் இதே ரோடுகளில் போய்வந்திருக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறங்குவது பெங்களூரில். இருட்டு நேரம் என்றால் கிருஷ்ணகிரி பைபாஸ், விடிந்துவிட்டால் ராயக்கோட்டை வழி. வண்டி நம்ம ஊர் வாடகை வண்டி. இனி காரணங்கள்.

சென்னையா, பெங்களூரா

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து தர்மபுரி ஏறத்தாழ 290 கிலோமீட்டர். தேவனஹள்ளியில் இருக்கும் பெங்களூர் விமான நிலையத்திலிருந்து 170 சொச்சம். பத்து மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் கால் மடக்கி உட்கார்ந்து வந்தவர்களுக்கு இந்த 120 கிலோமீட்டர் வித்தியாசம் சாதாரணமல்ல.

சென்னை வழிக்கும் நல்ல குணங்கள் உண்டு. மாநில எல்லை குறுக்கே வராது என்பதால் டாக்சிக்குப் பெர்மிட் பிரச்சினை இல்லை. காஞ்சிபுரம், வேலூர் தாண்டி ஆம்பூரில் இறங்கினால் சீரகச் சம்பா பிரியாணியும் கத்தரிக்காயும் கிடைக்கும். பல வருடம் ஏங்கியவர்களுக்கு அதுவே பெரிய காரணம், நான் மறுக்க மாட்டேன். ஆனால் ஸ்ரீபெரும்புதூருக்கும் வாலாஜாவுக்கும் நடுவே நான் போனபோதெல்லாம் ரோடு வேலை, டைவர்ஷன். ஆறு மணி நேரம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அரூர், ஊத்தங்கரைக்காரர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். அவர்கள் திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம் வழியாக நேராக வந்துவிடலாம். பௌர்ணமியை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். கிரிவலக் கூட்டத்தில் மாட்டினால் திருவண்ணாமலையைத் தாண்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மற்றபடி தர்மபுரி, பாலக்கோடு, பென்னாகரம், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று எந்த ஊராக இருந்தாலும் பெங்களூர்தான். டிக்கெட்டில் பெரிய தொகை மிச்சமானால் மட்டும் சென்னையை யோசியுங்கள்.

ஓசூர் வரைக்கும்

பெங்களூரின் குறை பெங்களூரேதான். விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே, நாம் போக வேண்டியது தெற்கே. பகலில் வடக்கே ஹெப்பாள் மேம்பாலத்திலிருந்து தெற்கே சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டுவதற்குள் மனது நொந்துவிடும். சில்க் போர்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு 2010-இல் திறந்த சுமார் 10 கிலோமீட்டர் மேம்பாலச் சாலை இருப்பதால் அதில் ஏறிவிட்டால் மூச்சு வரும். ஆனால் அதுவரைக்கும் போய்ச் சேர வேண்டுமே.

நல்லவேளையாக ஐரோப்பாவிலிருந்து வரும் விமானங்கள் பலவும் நள்ளிரவை ஒட்டித்தான் இறங்குகின்றன. இமிகிரேஷன், பெட்டி எல்லாம் முடித்து மூன்று மணிக்கு வெளியே வந்தால் நகரம் தூங்கிக்கொண்டிருக்கும். விடிவதற்குள் அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் வந்துவிடலாம். பகலில் இறங்குபவர்கள் நகரத்துக்குள் நுழையாமல் ஹொஸ்கோட்டே, மாலூர் வழியாக ஓசூருக்கு வரலாம். மாலூரிலிருந்து லாரிகள் அதிகம். ஆனாலும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

பைபாஸும் ராயக்கோட்டை ரோடும்

இங்கேதான் உண்மையான போட்டி. ஓசூரிலிருந்து தர்மபுரிக்கு இரண்டு வழி. ஒன்று, நாங்கள் பைபாஸ் என்று சொல்லும், காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை: சூளகிரி, கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், காரிமங்கலம், தர்மபுரி. இன்னொன்று 844-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, அதாவது ராயக்கோட்டை ரோடு: உத்தனப்பள்ளி, ராயக்கோட்டை, பாலக்கோடு, அதியமான்கோட்டை. தூரத்தில் ராயக்கோட்டை வழி கொஞ்சம் குறைவு.

பைபாஸின் பலம், எந்த நேரத்திலும் ஆள் நடமாட்டம். பெட்ரோல் பங்க், டீக்கடை, சுத்தமான கழிப்பறை உள்ள ஹோட்டல், பஞ்சர் கடை என்று எதற்கும் பஞ்சமில்லை. மூன்றரை மணிக்குக்கூட ஆவி பறக்கும் டீ கிடைக்கும். கைக்குழந்தையோடு வருபவர்கள் வேறு வழியை யோசிக்கவே வேண்டாம்.

அதன் ஆபத்து லாரிகள். பாரம் ஏற்றிய லாரி வலது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஐம்பதில் போகும். பின்னால் வருகிறவர்கள் இடது பக்கம் ஏறி முந்துவார்கள். அந்த இடதோரத்தில் விளக்கே போடாமல் இன்னொரு லாரி நிற்கும். சூளகிரியிலிருந்து மேலுமலை இறங்கும் பகுதியில் விபத்துச் செய்தி அடிக்கடி வருகிறது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைப் பனி சேர்ந்துகொண்டால் முன்னே போகும் வண்டியின் சிவப்பு விளக்குகூடக் கிட்டே போனால்தான் தெரியும். அப்படிப்பட்ட நாளில் ஓசூரிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறியதும் கிளம்புங்கள். வீட்டில் காத்திருப்பவர்களுக்கு ஒரு போன் போதும்.

ராயக்கோட்டை ரோட்டுக்கு என் மனதில் தனி இடம் உண்டு. ஓசூரை விட்டதும் தொரப்பள்ளி, ராஜாஜி 1878-இல் பிறந்த ஊர். அங்கிருந்து இரண்டு பக்கமும் ரோஜாத் தோட்டம், முட்டைக்கோஸ், தக்காளி, நடுநடுவே பாறைக் குன்று. ராயக்கோட்டை மலைக்கோட்டை தூரத்திலிருந்தே தெரியும். 1791-இல் மைசூர்ப் போரின்போது திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த கோட்டை அது. காலையில் அந்தப் பக்கம் போனால் டெம்போ டெம்போவாகத் தக்காளி மார்க்கெட்டுக்கு வந்துகொண்டிருக்கும். தக்காளிப் பெட்டிகளை இறக்குகிறவர் மேலே இருக்கும் நசுங்கிய பழத்தைப் பொறுக்கி ஓரமாக எறிவார். தரையெல்லாம் சிவப்பாக வழுக்கும். ஏலம் கேட்கிற குரலில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்திருக்கும். பல வருடம் தூர தேசத்தில் இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்தக் குரலைக் கேட்டால்தான் ஊருக்கு வந்த மாதிரி இருக்கும் என்று நான் மனதார நம்புகிறேன். பைபாஸில் அது கிடைக்காது.

நான்குவழியாக்கும் வேலை நடந்ததிலிருந்து இந்த ரோடு பழைய மாதிரி இல்லை, வேகமாகவே போகலாம். ஆனால் ராத்திரியில் வேண்டாம். பைபாஸ் அளவுக்குக் கடைகள் கிடையாது. டயர் பஞ்சரானால் நான்கு பெரிய பெட்டிகளையும் இறக்கி ரோட்டோரம் வைத்துவிட்டு ஸ்டெப்னி மாட்ட வேண்டும். இருட்டில் அந்தக் கஷ்டம் எதற்கு?

மாம்பழக் காலத்தில், அதாவது மே கடைசியிலிருந்து ஜூலை வரைக்கும், பைபாஸுக்கு ஒரு மதிப்பெண் கூடுதல். கிருஷ்ணகிரியைச் சுற்றி ரோட்டோரக் கடைகளில் செந்தூரா, பீத்தர், மல்கோவா குவிந்திருக்கும். கிளிமூக்கு மாங்காயைக் கீறி மிளகாய்த்தூள் போட்டுத் தருவார்கள். ஐரோப்பிய சூப்பர் மார்க்கெட்டில் காசு கொட்டி வாங்கிய பழம் நினைவுக்கு வந்தால் கண்ணில் தண்ணீர் வரும்.

யார் ஓட்டுவது

வாடகைக்குக் கார் எடுத்து நாமே ஓட்டலாமே என்று ஆசை வரும். பெங்களூரில் செல்ப் டிரைவ் வண்டி சுலபமாகக் கிடைக்கும். முறைப்படி வாடகைக்கு விடும் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும், அதைப் பார்த்து எடுங்கள். ஆனால் முதல் பயணத்துக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் வலது பக்கம் ஓட்டிப் பழகிய கை, தூக்கம் கெட்ட கண், எதிரே ஹைபீம், மீடியன் இடைவெளியில் ராங் சைடில் வரும் பைக் எல்லாம் ஒன்றாகச் சேரக் கூடாது. வண்டியைத் திருப்பிவிட மறுபடி பெங்களூர் போக வேண்டிய வேலையும் இருக்கிறது. இன்னொன்று, நம் லைசென்ஸ் தேதி முடிந்து ஒரு வருடம் தாண்டியிருந்தால் புதுப்பிக்க ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும். கிளம்பும் முன்பே தேதியைப் பாருங்கள்.

அப்பாவோ மாமாவோ சொந்தக் காரில் வந்து அழைத்துப் போகிறேன் என்பார்கள். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் அறுபதைத் தாண்டியவரைப் போக வர 340 கிலோமீட்டர், அதுவும் ராத்திரியில், ஓட்ட வைக்க வேண்டாம். ஊரில் தெரிந்த டிரைவர் ஒருவரை அமர்த்தி, அந்த வண்டியிலேயே அவர்களையும் வரச் சொல்லுங்கள். பார்க்கவும் பார்த்த மாதிரி, பாதுகாப்பாகவும் இருக்கும்.

விமான நிலையத்திலேயே பிடிக்கும் கர்நாடக டாக்சியிலும் வரலாம். ஏறும் முன் தமிழ்நாட்டுக்கு வர பெர்மிட் இருக்கிறதா, அந்தக் காசும் டோலும் பேட்டாவும் பேசிய தொகைக்குள் அடங்குமா என்று கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஓசூர் எல்லையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேச்சுவார்த்தை நடக்கும். டிக்கியையும் திறந்து பாருங்கள். சின்ன செடான் டாக்சிகள் பலவற்றில் சிஎன்ஜி சிலிண்டர் பாதி டிக்கியை அடைத்துக்கொண்டிருக்கும். ஒரு பெட்டியை வைத்துவிட்டு அடுத்ததற்கு இடம் தேட வேண்டும். ஆளுக்கு இரண்டு பெட்டி என்று வருகிற தம்பதிக்கு இன்னோவா மாதிரிப் பெரிய வண்டிதான் சரி.

முதலில் யார் வீட்டுக்கு

வழியைத் தேர்ந்தெடுக்கும்போது வெளியே சொல்லாமல் எல்லோர் மனதிலும் ஓடுவது இதுதான். என் அம்மா வீடு காவேரிப்பட்டணம், பைபாஸ் வழியில். மாமியார் வீடு பாலக்கோடு, ராயக்கோட்டை வழியில். எந்த ரோட்டைப் பிடித்தாலும் ஒரு வீடு முந்திக்கொள்ளும், இன்னொரு வீட்டில் முகம் வாடும். முறைப்படி மாமியார் வீட்டில் ஆரத்தி எடுத்த பிறகுதான் மற்றதெல்லாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். என் கருத்து வேறு. பெண்ணைப் பெற்றவர்களும் அதே அளவு வருடங்கள்தான் காத்திருந்தார்கள்.

நாங்கள் இறங்கியது விடியற்காலை, அதனால் பைபாஸ். என் கணவரே தன் அம்மாவுக்குப் போன் போட்டு, "அம்மா, ராத்திரி நேரம், பைபாஸிலேயே வந்துடறோம். காவேரிப்பட்டணத்துல குளிச்சிட்டு மத்தியானம் சாப்பாட்டுக்கு நம்ம வீட்டுல இருப்போம், களி கிண்டி வை" என்றார். அத்தை, "சரி, சம்பந்தியையும் கூட்டிட்டு வாங்க" என்று முடித்துவிட்டார். இந்தப் பேச்சை மகன் பேச வேண்டும், மருமகள் பேசக் கூடாது. டிரைவரிடம் இரண்டு ஊரையும் முன்கூட்டியே சொல்லி, காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்து வாடகை பேசிக்கொள்ளுங்கள். ஒன்வே டிராப் என்று பேசிவிட்டு நடுவில் நிறுத்தச் சொன்னால் அவருக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்.