மதுரையில் தோள்பட்டையைக் காட்டிய கதை

மெல்போர்னிலிருந்து ஊருக்குப் போனால் பல்லையும் கண்ணையும் காட்டிவிட்டு வருவது வழக்கம்தான், இந்த முறை மதுரையில் இடது தோளையும் காட்டினேன். எனக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஃப்ரோசன் ஷோல்டர், அதாவது தோள் மூட்டு இறுகிக் கையை அசைக்க முடியாமல் போவது, மற்றவர்களைவிட அதிகம் வரும். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பினால் பாதியிலேயே நின்றுவிடுகிறது. முதுகு சொறிவதெல்லாம் நடக்காது.

முதலில் போன இடம் சரியில்லை. ஒரு கேள்வி கேட்கவில்லை, படுக்கச் சொன்னார், தோளைத் தொட்டுப் பார்த்தார், "கழுத்துலயும் பிடிப்பு இருக்கு சார், எடுத்துவிட்டுரவா?" என்று தலையை இரண்டு கையாலும் பிடித்ததும் எழுந்து வந்துவிட்டேன். சலூனில் முடிவெட்டியபின் நெட்டி முறிப்பார்களே, அந்தப் பாணி. கழுத்தெலும்புகளின் ஓட்டை வழியாகவும் மூளைக்கு ரத்தக்குழாய் போகிறது, வெடுக்கென்று திருப்பி அது கிழிந்து பக்கவாதம் வருவது அபூர்வம், ஆனால் வந்திருக்கிறது. மூட்டுகள் வீங்கும் முடக்குவாதக்காரர்களும், எலும்பு மெலிந்தவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இதற்குத் தலையைக் கொடுக்கவே வேண்டாம்.

அப்புறம் அண்ணா நகர் பக்கம் ஒரு பிசியோ அம்மாவிடம் போனேன். கீழே விழுந்தீர்களா, ராத்திரி வலியில் முழிப்பு வருகிறதா, காரணமில்லாமல் எடை குறைந்ததா, ஸ்டீராய்டு சாப்பிட்டதுண்டா, எக்ஸ்ரே எங்கே என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கை எத்தனை டிகிரி போகிறது என்று அளந்து எழுதிய பிறகுதான் தொட்டார். கையை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி, அடியில் துண்டைச் சுருட்டி வைத்தார். மூட்டைச் சுற்றியுள்ள உறை அந்த நிலையில்தான் தளர்வாக இருக்குமாம். பிறகு தோள் எலும்பின் உருண்டையைப் பின்பக்கமாக மெல்ல, நொடிக்கு 2, 3 தடவை, ஒரே தாளத்தில் தள்ளினார்.

இந்த அசைவுகளை ஐந்து தரமாகப் பிரித்தவர் நம்ம அடிலெய்டு பிசியோ மெயிட்லேண்ட். 1, 2 வலியைத் தணிக்க, மூட்டு இறுக்கம் தடுக்கும் இடத்துக்கு முன்னாலேயே நின்றுவிடும். 3, 4 இறுக்கத்தைத் தளர்த்த, எல்லைவரை போகும். 5 என்பதுதான் அந்த வெடுக். எனக்கு ராத்திரி வலி இருந்ததால் 2-லேயே வைத்திருந்து, வலி அடங்கியபின்தான் 3-க்குப் போனார். "வலிச்சா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்காதீங்க சார், சொல்லிருங்க" என்பார். ஒவ்வொரு முறையும் முடித்தபின் திரும்ப அளப்பார்.

அத்தைக்குத்தான் திருப்தியில்லை. "தடவிக்கொடுக்கவா 400 ரூபா? அமுக்கிப் பிடிச்சாத்தானே வைத்தியம்!" ஊரில் பாதிப்பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள், சத்தம் கேட்டால்தான் எலும்பு சரியாச்சு என்று.

குறையும் உண்டு. படுக்கைகளுக்கு நடுவே திரை கிடையாது, என் சர்க்கரைக் கதை பக்கத்துக் கட்டிலுக்கும் தெரியும். வீட்டுப் பயிற்சித் தாள் முழுக்க ஆங்கிலத்தில், வருகிறவர்களில் பாதிப்பேருக்கு அது உதவாது. போகிறவர்கள் பழைய எக்ஸ்ரேயையும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள், சாயங்காலம் கூட்டம் தாங்காது.