ரெண்டு மணி நேரம் பின்னாடி: லினக்ஸில் பதினான்கு மாதம் கேம் விளையாடிய கதை

பக்கத்து வீட்டுத் தம்பி போன வாரம் மதில் மேல் சாய்ந்துகொண்டு கேட்டான், கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டால் கேம் எல்லாம் ஓடுமா என்று. இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவன். கொள்ளுத்தாத்தாவின் அப்பா காலத்தில் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். தமிழில் அவனுக்கு மிஞ்சியிருப்பது 'அண்ணே'யும் இன்னும் ஒரு இருபது சொல்லும்தான், அதனால் அண்ணே என்று ஆரம்பித்து மீதியை ஆங்கிலத்தில் கேட்டான். அவனுடைய பெட்டியிலும் என்னுடையதைப் போல ஏழாம் தலைமுறை இன்டெல் பிராசசர். விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருப்பதை முறைப்படி சேர்த்துக்கொள்வதில்லை, விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட் மட்டும் இன்னும் ஒரு வருடம் வரும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற பெட்டியை அதற்காகத் தூக்கிப் போடவா முடியும்?

நியாயமான கேள்விதான். ஆனால் கேட்டவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது வினாடிக்கு எத்தனை படம் என்கிற எஃப்பிஎஸ் கணக்கோ டிரைவரோ இல்லை, கடிகாரம். பதினான்கு மாதத்தில் லினக்ஸ் எனக்குக் கொடுத்த நல்லது நிறைய, அதையெல்லாம் பின்னால் சொல்கிறேன், முதலில் இந்தக் கடிகாரக் கதையைக் கொட்டிவிடுகிறேன்.

2024 டிசம்பர் லீவில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் போட்டேன். பிராசசர் ஐ7-7700, கிராபிக்ஸ் கார்டு ஆர்எக்ஸ் 6600, 16 ஜிபி ராம். விண்டோஸை முழுக்க அழிக்கவில்லை, சின்ன எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்றில் அப்படியே விட்டு வைத்தேன். காரணம் வெள்ளிக்கிழமை. ஜோஹானஸ்பர்க்கில் ஒருவன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒருவன், டர்பனில் நான், மூன்று பேரும் வெள்ளி ராத்திரி எஃப்சி 24 என்கிற கால்பந்து கேம் ஆடுவோம். புதுசு வாங்க யாருக்கும் மனசில்லை. அந்த விளையாட்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸில் ஓடாது. ஆக ஆறு நாள் லினக்ஸ், ஒரு நாள் விண்டோஸ் என்று குடித்தனம் தொடங்கியது.

மூன்றாவது வெள்ளியோ நாலாவதோ, சரியாக நினைவில்லை, ஜனவரி. விண்டோஸில் நுழைந்தேன், மூலையில் 5:10 என்று இருந்தது. ஜன்னல் திரை மூடியிருந்தது, ஹெட்போன் மாட்டியிருந்தேன், போன் அடுத்த அறையில் சார்ஜில் கிடந்தது. வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு அம்மாவிடம் பேசுவது வழக்கம். கும்பகோணத்தில் அப்போது ஒன்பது மணி, சீரியல் முடிந்து அம்மா படுக்கப் போகும் முன் கிடைக்கிற இடைவெளி. சரி, இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறதே என்று ஒரு பயிற்சி ஆட்டம் ஆடி முடித்துவிட்டு, 5:30 ஆனதும் போய்ப் போன் போட்டேன். நாலைந்து தடவை மணி அடித்த பிறகு எடுத்தார். எடுத்ததும் கேட்ட முதல் வார்த்தை, "என்னடா ஆச்சு?"

அந்தக் குரலை நான் மறக்கவில்லை. அங்கே மணி பதினொன்று. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டால் அது என்ன செய்தியாக இருக்கும் என்று அம்மாக்களுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒன்றும் ஆகவில்லைம்மா, கம்ப்யூட்டர்ல மணி தப்பு என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் அவருக்கும் தூக்கம் போய்விட்டது, எனக்கும் ஆட்டம் போய்விட்டது.

பேட்டரி போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். மதர்போர்டில் பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி இருக்குமே, கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரம் ஓடுவது அதில்தான். 2023-ல் இங்கே லோட் ஷெட்டிங் என்கிற மின்வெட்டு நடந்த லட்சணத்துக்கு, சில நாள் ரெண்டு ரெண்டு மணி நேரமாக மூன்று தடவை போகும், எந்த பேட்டரியும் செத்திருக்கும். கடைக்குக் கொண்டுபோனேன். எந்தக் கடை என்று சொல்ல விரும்பவில்லை, நல்ல மனுஷர். ஜஸ்ட் நௌ பார்த்துத் தருகிறேன் என்றார். இந்த ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஜஸ்ட் நௌ என்றால் இங்கே இப்போது என்று அர்த்தமில்லை, எப்போதாவது என்று அர்த்தம். நாலு நாள் கழித்துப் பேட்டரி மாற்றித் தந்தார், விண்டோஸைத் திறந்து மணியைச் சரிசெய்தும் காட்டினார். அச்சாகச் சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்தேன், வாரமெல்லாம் லினக்ஸில் இருந்தேன், வெள்ளிக்கிழமை விண்டோஸைத் திறந்தால் மறுபடியும் ரெண்டு மணி நேரம் பின்னாடி. திரும்பக் கொண்டுபோனால் மதர்போர்டே போயிருக்கலாம் என்றார். ஏழாம் தலைமுறைக்கு மதர்போர்டு தேடி நான் இரண்டு நாள் பழைய சாமான் விளம்பரங்களைத் துழாவியிருக்கிறேன், வெட்கத்தோடு சொல்கிறேன்.

கடைசியில் மண்டையில் உறைத்தது இதுதான்: தவறு எப்போதும் சரியாக ரெண்டு மணி நேரம். ஒரு நிமிஷம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. செத்த பேட்டரி இவ்வளவு கணக்காகத் தப்பு செய்யாது. தென்னாப்பிரிக்கா உலகப் பொது நேரத்துக்கு எவ்வளவு முன்னால்? ரெண்டு மணி நேரம்.

விஷயம் இவ்வளவுதான். அந்தப் பொத்தான் பேட்டரிக் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கிறது, திரையில் காட்டும்போது ரெண்டைக் கூட்டிக் காட்டுகிறது. விண்டோஸ் தனக்கு முந்தைய டாஸ் காலத்து வழக்கப்படி அதில் இருப்பது உள்ளூர் மணி என்றே எடுத்துக்கொள்கிறது. இணையத்தில் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும்தான், ஆனால் உள்ளே நுழைந்த உடனே திருத்தும் என்று நம்பி உட்கார முடியாது. லண்டனில் இருக்கிறவனுக்குக் குளிர்காலத்தில் இப்படி ஒரு பிரச்சினை இருப்பதே தெரியாது. டர்பனில் ரெண்டு மணி நேரம், சென்னையில் என்றால் ஐந்தரை மணி நேரம் அடிபடும். ரெண்டில் எது தப்பு என்றும் சொல்ல முடியாது, அதுதான் எரிச்சல். யாரையாவது திட்டலாம் என்றால் ஆளில்லை.

முதலில் லினக்ஸையே உள்ளூர் மணிக்கு மாற்றிப் பார்த்தேன். ஒரே கட்டளை, செய்துவிட்டது, ஆனால் இந்த முறையை முழுதாக ஆதரிக்க முடியாது என்று ஒரு எச்சரிக்கையையும் சேர்த்து நீட்டியது. பிறகு மின்ட்டை மறுபடி நிறுவ வேண்டி வந்தபோது அந்த மாற்றமும் போயிற்று, அது எனக்கு ஞாபகம் வந்தது எப்போது என்றால், வேறெப்போது, வெள்ளிக்கிழமை. அப்புறம்தான் விண்டோஸ் பக்கத்தில், அதன் அமைப்புகளைச் சேர்த்து வைக்கிற ரெஜிஸ்ட்ரியில் நேர மண்டலத்துக்கான இடத்தில் 'ரியல்டைம் ஈஸ் யூனிவர்சல்' என்று ஒரு பதிவு உண்டாக்கி 1 என்று வைத்தேன். மூன்று நிமிஷ வேலை. ஏழு மாதம் திட்டியதற்கு மூன்று நிமிஷம். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடத் தவறவில்லை, ஆனாலும் மேசைக்கு மேலே சுவரில் ஒரு கடிகாரம் மாட்டிவிட்டேன், அதைத்தான் பார்க்கிறேன்.

சரி, கேம் விஷயத்துக்கு வருகிறேன்.

ஓடுகிறது. நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே ஓடுகிறது. ஸ்டீம் என்கிற ஆன்லைன் கேம் கடையில் வாங்கியது என்னிடம் எழுபதுக்கும் மேல் கிடக்கின்றன, அதில் நான் தனியாக உட்கார்ந்து ஆடுகிற எதுவும் என்னை ஏமாற்றவில்லை. விட்சர் 3-ஐ முதல் ராத்திரி திறந்தபோது கட்டளை எதையாவது தட்டச்சு செய்யச் சொல்லும் என்று காத்திருந்தேன், அது பாட்டுக்குக் குதிரையில் ஏற்றிவிட்டது. பின்னால் விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டுகிற புரோட்டான் என்று ஒன்று வேலை செய்கிறது, ஸ்டீமை நடத்தும் வால்வ் 2018 ஆகஸ்டில் வெளியிட்டது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டுவதற்காக 1993-லிருந்து வளர்ந்து வந்த வைன்தான் அதற்கு அடிப்படை. விளையாட்டு விண்டோஸின் டைரக்ட்3டி மொழியில் வரையச் சொல்லும், நடுவில் டிஎக்ஸ்விகே என்கிற பகுதி அதை லினக்ஸிலும் ஓடும் வல்கன் மொழிக்கு மாற்றி கிராபிக்ஸ் கார்டிடம் கொடுக்கும். தான் விண்டோஸில் இல்லை என்பது விளையாட்டுக்கே தெரியாது. கையில் வைத்து ஆடுகிற வால்வின் ஸ்டீம் டெக் 2022-ல் வந்த பிறகு இந்த வேலை எல்லாம் வேகம் பிடித்துவிட்டது, அந்தக் கருவியே லினக்ஸ்தானே. எல்டன் ரிங் வெளிவந்த புதிதில் விண்டோஸில் திக்கித் திக்கி ஓடுகிறது என்று ஊரெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தபோது புரோட்டானில் அந்தத் திக்கலைக் குறைத்துக் காட்டினார்கள். என் பெட்டியில் அது ஆடுவதைப் பார்த்த ஜோஹானஸ்பர்க்காரன் நம்பவில்லை.

ஏஎம்டி கார்டு என்பதால் டிரைவர் என்று தனியாக ஒன்றும் போடவில்லை, கூடவே வந்துவிடுகிறது. என்வீடியா என்றால் தனியாக நிறுவ வேண்டும், டைரக்ட்எக்ஸ் 12 விளையாட்டுகளில் கொஞ்சம் வேகமும் குறையும். கவுன்டர் ஸ்ட்ரைக் 2 லினக்ஸிலேயே நேரடியாக ஓடுகிறது, ஜோஹானஸ்பர்க்கில் சர்வர் இருப்பதால் பிங் என்கிற தாமதமும் கவலையில்லை.

நான் செய்த மடத்தனம் ஒன்று. பழைய விண்டோஸ் டிஸ்க்கில் இருந்த விளையாட்டுகளை அப்படியே லினக்ஸிலிருந்தும் திறக்கலாம் என்று நினைத்தேன், மறுபடி டவுன்லோடு செய்கிற வேலை மிச்சம் என்று. விண்டோஸ் முறையில் அமைந்த என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் புரோட்டான் ஒழுங்காக இருக்காது. ஒன்று திறக்கும், ஒன்று திறக்காது, திறந்தது நாளைக்குத் திறக்காது. ரெண்டு வாரம் லினக்ஸையே குறை சொன்னேன். டிஸ்க்கை லினக்ஸ் முறையான எக்ஸ்ட்4-க்கு மாற்றி எல்லாவற்றையும் புதிதாக இறக்கிய அன்றோடு அந்தத் தொல்லை ஒழிந்தது. ஃபைபர் இல்லாத வீட்டில் இருக்கிறவர்கள் இதை முன்பே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எதிர்பாராமல் பிடித்துப்போன ஒன்று, அதன் அமைதி. அப்டேட் இருக்கிறது என்று மூலையில் ஒரு கேடயப் படம் நிற்கும், நான் சொன்னால் செய்யும், சொல்லாவிட்டால் நின்றுகொண்டே இருக்கும். லோட் ஷெட்டிங் பார்த்துப் பழகியவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தக் காலத்தில் இங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். கரண்ட் போக இன்னும் பத்து நிமிஷம்தான் என்று போனில் எச்சரிக்கை வந்த பிறகு, திரையில் 'அணைக்க வேண்டாம்' என்று சதவீதம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறீர்களா?

ஆக இவ்வளவு புகழ்ந்தவன் அந்தத் தம்பிக்கு என்ன சொன்னேன்? போடாதே என்றேன்.

அவன் ஆடுவது என்னவென்று கேட்டேன். வாலரன்ட், கால் ஆஃப் ட்யூட்டி, ஜிடிஏ ஆன்லைன். மூன்றும் லினக்ஸுக்குக் கதவை மூடிவிட்டவை. ஜிடிஏ ஆன்லைன் முன்பு லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்தது, 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ என்கிற ஏமாற்றுத் தடுப்பைச் சேர்த்ததும் நின்றது. தனியாக ஆடும் கதைப் பகுதி மட்டும் இன்னும் ஓடும். ஏபெக்ஸ் லெஜென்ட்ஸும் அதே வருடம் அக்டோபர் கடைசியில் லினக்ஸ்காரர்களை வெளியே அனுப்பியது. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பேட்டில்ஐயும் அதே ரகமான ஈசி ஆன்டி-சீட்டும் புரோட்டானோடு சேர்ந்து இயங்க 2021-லேயே வழி செய்துவிட்டார்கள், விளையாட்டை உருவாக்கியவர் சம்மதித்தால் போதும். சம்மதிப்பதில்லை. வாலரன்டின் வான்கார்ட் மாதிரியானவை வேறு ரகம், விண்டோஸின் உள்மையமான கர்னலுக்குள்ளேயே உட்காருகிறவை. லினக்ஸில் கர்னலை நாமே மாற்றிக் கட்டிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் பெருமை, அதனாலேயே அவர்களுக்கு அதன் மேல் நம்பிக்கை இல்லை. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று காலையில் தோன்றும், வெள்ளிக்கிழமை ரீஸ்டார்ட் செய்யும்போது தோன்றாது.

அவனுக்கு இதையெல்லாம் சொன்னேன். நீ ஆடுகிற மூன்றும் ஓடாது, ரெண்டையும் வைத்துக்கொண்டு என்னைப் போல அல்லாடாதே, விண்டோஸ் 10-க்கு அந்த ஒரு வருட நீட்டிப்பை வாங்கிக்கொள், அதற்குள் காசு சேர்த்து வேறு பெட்டி வாங்கு என்றேன். மண்டையை ஆட்டினான். "நீங்க ஏண்ணே திரும்பிப் போகலை?" என்று கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. நான் திரும்பப் போவதாக இல்லை, அவ்வளவுதான்.

நேற்று ராத்திரி வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். பழைய எஸ்எஸ்டி ஒன்றைத் தேடிப் பிடித்து மின்ட் போட்டிருக்கிறான், சொல்லச் சொல்லக் கேட்காமல். படம் விண்டோஸ் திரை, கீழ் மூலையைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தான், 6:52. அனுப்பிய நேரம் 8:53. அண்ணே, பேட்டரி மாத்தணுமா என்று கேட்டிருக்கிறான்.