‘மேன்டன், லண்டன்’ என்று எழுதியிருந்த துப்பாக்கிக்கு நான் கொடுத்த 1,80,000 ரூபாய்

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி வாங்கப்போகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் தாத்தா வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளை. சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன டபுள் பேரல் அவரிடம் இருந்தது. அவருக்குப் பிறகு லைசென்ஸுக்காக யாரும் அலையவில்லை, துப்பாக்கி கைமாறிப் போய்விட்டது. எனக்கு லைசென்ஸ் கிடைத்ததும் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று ஆசை வந்தது. அது தரகர் ஒருவர் காதுக்கும் போனது.

அவர் காட்டியது அழகான சாமான், அதை மறுக்கவே மாட்டேன். வெளியே தெரியும் இரண்டு குதிரைகள் (விசையை இழுத்தால் அடிக்கும் சுத்தியல்கள்), குழல் முழுக்கப் பாம்புத்தோல் மாதிரி வரிவரியாக டமாஸ்கஸ் வேலைப்பாடு, இரண்டு குழலையும் இணைக்கும் நடுப்பட்டையின் மேலே ‘ஜே. மேன்டன், லண்டன்’. குழலை மடக்கி வெளிச்சத்தில் பிடித்து, “உள்ளே பாருங்க, நூறு வருசத்துச் சாமான்னு சொல்லுவீங்களா?” என்றார். கண்ணாடி மாதிரி இருந்தது. நான் விழுந்த இடம் அதுதான். எண்பதுகளின் நடுவில் தனிநபர் இறக்குமதி நின்றுபோனதிலிருந்து நம் ஊரில் வெளிநாட்டுப் பெயர் இருந்தாலே விலை ஏறிவிடும். அதனால் விலையும் எனக்கு அதிகமாகப் படவில்லை.

தனியாரிடம் வாங்கினால், விற்பவர் அதிகாரிகளுக்கு எழுத்தில் தகவல் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 45 நாளில் மேன்டன் யார் என்று தேடிப் பார்த்திருந்தால் போதும். நான் உறை தைக்கக் கொடுத்துவிட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

லைசென்ஸில் ஏற்றி, 70 மி.மீ. தோட்டா வாங்கிக்கொண்டு ரைபிள் கிளப்புக்குப் போனேன். பழைய துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் அங்கே இருந்தார். வாங்கிப் பார்த்தவர் முகம் மாறியது.

“ஏனுங்க தம்பி, இதுல சுட்டுட்டீங்களா?”

“இன்னும் இல்லீங்க.”

“பொழச்சீங்க, போங்க.”

குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றி, குழலின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஒரு முட்டை வடிவத்துக்குள் ஈ, எல், ஜி என்று மூன்று எழுத்து, அதற்குக் கீழே ஒரு நட்சத்திரம். அது பெல்ஜியத்தில் லியேஜ் நகரச் சோதனைக்கூடத்தின் முத்திரை. 1893-க்குப் பிறகு போட்டதென்றால் மேலே ஒரு கிரீடமும் இருக்கும். இதில் இல்லை. அதாவது, புகை கக்கும் பழைய கரும்மருந்துக் காலத்துத் துப்பாக்கி, இன்றைய தோட்டாவின் அழுத்தத்துக்குச் செய்தது இல்லை. தோட்டா அறை 65 மி.மீ. இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவை, அதிலும் 70 மி.மீ. தோட்டாவை, இதில் போட்டால் தோட்டாவின் மடித்த வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் இன்னும் கூடும்.

மேன்டன்? லண்டனில் துப்பாக்கி செய்வதில் பேர்பெற்ற ஜோசப் மேன்டன் 1835-லேயே இறந்துவிட்டார். பின்பக்கம் தோட்டா போடும் இந்த வகைத் துப்பாக்கி வருவதற்குப் பல வருடம் முன்பே. கல்கத்தாவில் மேன்டன் கம்பெனி ஒன்று இருந்தது உண்மைதான், ஆனால் இது அதுவும் இல்லை. பெல்ஜியத்தில் மலிவாகச் செய்து, பெரிய பெயரை மேலே பொறித்து, உலகம் முழுக்க விற்ற சரக்கில் ஒன்று.

அந்தப் பளபளப்புக்கு வருகிறேன். குழலின் அடியில் 18.2 என்று வெட்டியிருந்தது. அது செய்தபோது இருந்த உள்விட்டம், மில்லிமீட்டரில். பெரியவர் அளவுகோலை விட்டுப் பார்த்தார், 18.9. துருக்குழிகள் தெரியக்கூடாது என்று யாரோ எமரி போட்டு உள்ளே தேய்த்தே எடுத்திருக்கிறார்கள். ஓரிடத்தில் குழலின் கனம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை, அதுவும் இடதுகை பிடிக்கும் இடத்தில். துருவோடு விட்டிருந்தால் எனக்கே சந்தேகம் வந்திருக்கும்.

அப்புறம் குழலை மட்டும் கொக்கியில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டினார். மணி மாதிரி ஒலிக்க வேண்டுமாம், இது ஓட்டைப் பானை மாதிரி ‘டொப்’ என்றது. நடுப்பட்டையின் பற்றவைப்பு விட்டுப்போயிருக்கிறது. இதைப் பார்க்க நிபுணர் தேவையில்லை, பத்து நிமிடம் போதும். எந்த விற்பனையாளராவது முன்கட்டையைக் கழற்ற யோசித்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

தரகரிடம் போனேன். “மேன்டன்னு எழுதியிருக்குன்னுதானே சொன்னேன், மேன்டன் செஞ்சதுன்னு எப்பங்க சொன்னேன்?” என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான்.

லைசென்ஸில் ஏறிய சாமானை மிக்ஸி மாதிரி திருப்பிக் கொடுக்கவும் முடியாது. சுடக்கூடிய நிலையில் இருக்கும்வரை லைசென்ஸ் இல்லாமல் சுவரில் மாட்டவும் முடியாது. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், அதில் ஓர் இடத்தை இது அடைத்துக்கொண்டு நிற்கிறது. தேர்தலுக்குத் தேர்தல் ஒப்படைப்புக்காகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்வருவதுதான் இப்போதைக்கு அதன் வேலை.

போன வாரம் நண்பர் ஒருவர் படம் அனுப்பியிருந்தார். அதே தரகரிடம் இன்னொரு மேன்டன் வந்திருக்கிறதாம். குழலின் உள்பக்கத்தைத்தான் பெரிதாக்கி எடுத்திருக்கிறார்கள், பளபளவென்று இருக்கிறது.